வாய்க்குள்ளே நடக்கும் கைமாற்று

1945ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 11ஆந் திகதி, பெனிசிலினைக் கண்டறிந்த சேர் அலெக்சாண்டர் பிளெமிங் ஸ்ரொக்ஹோம் நகரில் தமது நோபல் பரிசுப் பேருரையை நிகழ்த்தினார். உரை முடியும் தறுவாயில் அவர் ஒரு சிறு கற்பனைக் கதையைச் சொன்னார். ஒருவருக்குத் தொண்டை நோகிறது. வைத்தியரிடம் போகாமல் தாமே பெனிசிலினை வாங்கிப் பாவிக்கிறார். தொண்டையிலுள்ள கிருமிகளைக் கொல்ல அந்த அளவு போதாது. ஆனால் மருந்தை எதிர்த்து நிற்க அவற்றைப் பழக்கிவிடத் தாராளமாகப் போதும். பின்பு அக்கிருமி அவருடைய மனைவிக்குத் தொற்றுகிறது. அவருக்கு நியூமோனியாக் காய்ச்சல் வருகிறது. பெனிசிலின் கொடுக்கிறார்கள், பலிக்கவில்லை. அப்பெண் இறந்து போகிறார். இந்த மரணத்துக்கு யார் பொறுப்பு என்று பிளெமிங் சபையோரைக் கேட்டார்.

பெனிசிலின் கடைக்கு வரத் தொடங்கிய காலத்திலேயே, அதைக் கண்டவரின் வாயிலிருந்தே வந்த எச்சரிக்கை இது. ஆனால் விடயத்தின் ஒரு பாதியைத்தான் அன்று எவரும் அறிந்திருந்தனர். மருந்துக்குத் தப்பிய கிருமி பெருகும், அதன் வழித்தோன்றல்களும் மருந்துக்குத் தப்பும் என்பது அந்தப் பாதி. மற்றப் பாதி இன்னும் விசித்திரமானது. ஒரு கிருமி மருந்தை எதிர்க்கும் வித்தையைத் தன் முன்னோரிடமிருந்துதான் பெறவேண்டும் என்பதில்லை. பக்கத்தில் இருக்கும் வேறொரு இனக் கிருமியிடமிருந்து கைமாற்றாகவும் வாங்கிக்கொள்ளலாம். இந்தக் கைமாற்று மும்முரமாக நடக்கும் சந்தைகளுள் ஒன்று நமது வாய்.

வாயில் குடியிருப்போரை முதலில் கண்டவர் ஒரு புடைவை வியாபாரி. ஒல்லாந்து நாட்டின் டெல்வ்ற் நகரைச் சேர்ந்த அந்தோனி வன் லீவென்ஹூக் என்பவர், தாமே தேய்த்துச் செய்த வில்லையினூடாகத் தமது பல்லிடுக்கு அழுக்கைப் பார்த்து, அங்கே துள்ளித் திரிந்த சிற்றுயிர்களைப் பற்றி 1683ஆம் ஆண்டு இலண்டன் றோயல் சங்கத்துக்கு எழுதினார். வாழ்நாளில் பல் துலக்கியே அறியாத ஒரு முதியவரின் வாயையும் அவர் விட்டுவைக்கவில்லை. இன்று நாம் அறிந்தவரை மனித வாயில் 700க்கு மேற்பட்ட பற்றீரியா இனங்கள் வாழக்கூடும். ஒருவருடைய வாயில் ஒரே வேளையில் இவற்றிற் சில நூறு இனங்கள் இருக்கும். ஒரு மில்லிலீற்றர் உமிழ்நீரில் ஏறத்தாழப் பத்துக் கோடி பற்றீரியாக்கள் மிதக்கின்றன. பல்லின் மேலும் முரசின் ஓரத்திலும் படியும் வெண்ணிறப் பசையில் அவை இன்னும் நெருக்கமாக, ஒன்றின்மேல் ஒன்றாக, பிசின் பூசிக் கட்டிய அடுக்குமாடியில் குடியிருப்பதுபோல வாழ்கின்றன. நெருக்கம் என்ற இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தூரத்தில் இருப்பவனிடம் யாரும் கைமாற்றுக் கேட்பதில்லை.

பரம்பரை என்றவுடன் நமது நினைவுக்கு வருபவர் கிறகோர் மெண்டல். புறூண் நகர அகுஸ்தீனார் மடத்துத் துறவியான இவர், பட்டாணிச் செடிகளை ஆண்டுக்கணக்கில் வளர்த்து எண்ணி, 1866இல் தமது முடிவுகளை வெளியிட்டார். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இயல்புகள் அலகு அலகாக இறங்கி வருகின்றன என்பது அவர் காட்டிய உண்மை. அந்தப் பரம்பரை அலகுகள் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் எழுதப்பட்ட கட்டளைகள் என்பதை இன்று பாடசாலைப் பிள்ளைகளும் அறிவார்கள். மெண்டலின் பட்டாணியிலும் நம் வீட்டுப் பிள்ளைகளிலும் பரம்பரைச் சொத்து மேலிருந்து கீழே இறங்குகிறது. பற்றீரியாவிலும் அப்படி இறங்குவதுண்டு. ஒரு கலம் இரண்டாகப் பிளக்கும்போது இரண்டுக்கும் ஒரே சொத்துக் கிடைக்கும். ஆனால் பற்றீரியாவுக்குப் பக்கவாட்டிலும் ஒரு வழி உண்டு. உறுதி எழுதாமல், சாட்சி வைக்காமல், வேலிக்கு மேலால் கொடுத்து வாங்கும் வழி அது.

இவ்வழியை முதலில் கண்டவர் இங்கிலாந்தின் பிரெடெறிக் கிறிபித் என்னும் வைத்தியர். 1928இல் அவர் வெளியிட்ட பரிசோதனை நியூமோகொக்கசு என்னும் கிருமியைப் பற்றியது. இக்கிருமி நமது மூக்கின் பின்புறத்திலும் தொண்டையிலும் வாழ்வது. நியூமோனியாவையும் மூளைக்காய்ச்சலையும் உண்டாக்கக்கூடியது. கொடிய வகைக் கிருமியைச் சூடாக்கிக் கொன்றார். அதனுடன், உயிருள்ள ஆனால் தீங்கற்ற வகையைக் கலந்து சுண்டெலிகளுக்கு ஏற்றினார். செத்த கிருமியும் சாதுவான கிருமியும் சேர்ந்து என்ன செய்துவிட முடியும்? சுண்டெலிகள் செத்தன. அவற்றின் இரத்தத்தில் உயிருள்ள கொடிய கிருமிகள் இருந்தன. செத்தவற்றிலிருந்து ஏதோ ஒன்று உயிருள்ளவற்றுக்குள் புகுந்து அவற்றை மாற்றிவிட்டது. அந்த ஏதோ ஒன்று டி.என்.ஏ.யே என்று 1944இல் நியூயோர்க் நகர றொக்பெல்லர் நிறுவனத்தில் ஏவரி, மக்லியோட், மக்கார்ட்டி ஆகிய மூவரும் காட்டினார்கள். உயிரியலையே புரட்டிப்போட்ட இந்த உண்மை ஒரு தொண்டைக் கிருமியிலிருந்து பிறந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

செத்த அயலவனின் டி.என்.ஏ.யைப் பொறுக்கிக்கொள்வது ஒரு முறை. பற்றீரியாக்களைத் தாக்கும் வைரசுகள் ஒன்றின் அலகைச் சுமந்துபோய் மற்றொன்றில் சேர்ப்பது இன்னொரு முறை. இரு உயிருள்ள கலங்கள் ஒட்டி நின்று நேரே கொடுத்து வாங்குவது மூன்றாவது. இம்மூன்றாம் முறையிற் கைமாறும் பொருள்களுட் சில, நிறமூர்த்தத்துக்கு வெளியே தனி வளையமாக இருப்பவை. இவற்றைப் பிளாஸ்மிட்டு என்பார்கள். வேறு சில, நிறமூர்த்தத்தின் உள்ளேயே பதுங்கியிருந்து, வேளை வரும்போது தம்மைத் தாமே கழற்றிக்கொண்டு புறப்படுபவை. இவையே தாவும் அலகுகள்.

அலகுகள் தாவும் என்று முதலிற் சொன்னவர் அமெரிக்காவின் பாபரா மக்கிளிந்தொக் அம்மையார். சோளக் கதிரின் மணிகளில் ஒழுங்கில்லாமல் நிறம் மாறுவதை ஆராய்ந்த அவர், 1940களின் இறுதியில் இம்முடிவுக்கு வந்தார். கேட்டவர்கள் பலர் நம்பவில்லை. 1983இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டபோது அவருக்கு வயது 81.

இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 1981இல், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டொன் கிளூவெல்லும் பிராங்கும் ஒரு புதிய வகைத் தாவும் அலகை அறிவித்தார்கள். அதன் பெயர் ரி.என். 916. ஏறத்தாழ 18,000 எழுத்துக்கள் நீளமான டி.என்.ஏ. துண்டு அது. குடலில் வாழ்வதும், வேர்ச் சிகிச்சை செய்தும் குணமாகாத பற்களிற் பெரும்பாலும் காணப்படுவதுமான என்ரறோகொக்கசு என்னும் பற்றீரியாவில் அது இருந்தது. மற்றத் தாவும் அலகுகள் ஒரே கலத்துக்குள் இடம் மாறும். இதுவோ ஒரு கலத்தை விட்டு மற்றக் கலத்துக்கே போய்விடும்.

போகும் விதம் அழகானது. முதலில் நிறமூர்த்தத்திலிருந்து தன்னைக் கழற்றிக்கொள்கிறது. இரு முனைகளையும் பொருத்தி வளையமாகிறது. டி.என்.ஏ. இரண்டு புரிகளால் முறுக்கிய கயிறு என்பது தெரிந்ததே. அதில் ஒரு புரி மாத்திரம், அயற்கலத்துடன் ஏற்பட்ட சிறு வாயிலினூடாக அப்பால் செல்கிறது. மற்றப் புரி இங்கே தங்குகிறது. இரண்டு கலங்களும் குறைந்த புரியைத் தாமே முறுக்கி நிரப்பிக்கொள்கின்றன. ஆகவே கொடுத்தவனுக்குக் குறைவில்லை, வாங்கியவனுக்கும் முழுதாகக் கிடைக்கிறது. ஒரு விளக்கிலிருந்து மற்ற விளக்கை ஏற்றுவது போன்றது. பின்னர் வளையம் புதிய வீட்டின் நிறமூர்த்தத்தில் தன்னைச் செருகிக்கொண்டு பதுங்கிவிடுகிறது.

அத்துண்டில் எழுதியிருப்பது என்ன? கழன்று போவதற்கும் செருகிக்கொள்வதற்கும் வேண்டிய கட்டளைகள். அவற்றோடு ரெட்ராசைக்கிளின் மருந்தை எதிர்க்கும் ஒரு கட்டளை. பற்றீரியாவில் புரதம் செய்யும் இயந்திரமாகிய இறைபோசோமில் ஏறி அமர்ந்து வேலையை நிறுத்துவதே ரெட்ராசைக்கிளின் செய்யும் காரியம். இக்கட்டளையின்படி செய்யப்படும் புரதம் வந்து மருந்தை அங்கிருந்து தள்ளி விடுகிறது. இதில் மிகவும் கவனிக்க வேண்டியது வேறொன்று. ரெட்ராசைக்கிளின் சிறிதளவு இருக்கும்போது இந்த அலகு கைமாறுவது கூடுகிறது என்பதை 1990களில் பரிசோதனைகள் காட்டின. கொல்வதற்கு நாம் அனுப்பிய மருந்தே, புறப்படு என்று அலகுக்கு அடிக்கும் மணியாகிறது!

இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொன்றைப் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பற்றிஸ் கூர்வலன் குழுவினர் 1980களில் நியூமோகொக்கசுக் கிருமியிற் கண்டார்கள். அதில் ரெட்ராசைக்கிளினுக்கு மட்டுமல்ல, எரித்திரோமைசின், கனமைசின் என்பவற்றுக்கும் எதிர்ப்புக் கட்டளைகள் ஒரே பொதியாகக் கட்டப்பட்டிருந்தன. இதன் கருத்து என்ன? ஒருவர் இம்மூன்றில் ஒன்றை மட்டும் குடித்தாலும், அப்பொதியை வைத்திருக்கும் கிருமியே பிழைக்கும். மற்ற இரண்டு மருந்துக்கான எதிர்ப்பும் அதனுடன் சேர்ந்து பெருகும். குடிக்காத மருந்தும் கெட்டுப்போகிறது.

இவை யாவும் ஆய்வுகூடக் கண்ணாடிப் பாத்திரத்தில் நடப்பவை, வாயில் நடக்குமா என்று கேட்பது நியாயம். இலண்டன் ஈஸ்ற்மன் பல் மருத்துவ நிறுவனத்தார் இதே கேள்வியைக் கேட்டு, செயற்கை வாய் போன்ற ஒரு கருவியில் உண்மையான வாய்ப் பற்றீரியாக்களைப் படலமாக வளர்த்தார்கள். 1999இல் வெளியான அவர்களுடைய பரிசோதனையில், வாய்க்குச் சொந்தமில்லாத ஒரு பற்றீரியாவைத் தாவும் அலகுடன் அதனுள் விட்டார்கள். வந்த விருந்தாளி அங்கே நிலைக்கவில்லை. ஒரு நாளில் காணாமற் போய்விட்டது. ஆனால் அது கொண்டுவந்த எதிர்ப்பு அலகு, வாயில் நிரந்தரமாகக் குடியிருக்கும் ஸ்ரெப்ரோகொக்கசுக்குக் கைமாறியிருந்தது. உணவோடும் தண்ணீரோடும் வந்து போகும் கிருமிகூட வெறுங்கையோடு போவதில்லை என்பது இதன் பொருள். அதே நிறுவனத்தார் 2003இல், அண்மைக் காலத்தில் அன்ரிபயோட்டிக் எடுக்காத சிறு பிள்ளைகளின் வாயைச் சோதித்தபோது, பெரும்பாலானோரிடம் ரெட்ராசைக்கிளினை எதிர்க்கும் பற்றீரியாக்கள் இருக்கக் கண்டார்கள். பிள்ளைகளின் பற்களிற் கறை உண்டாக்கும் என்பதால் சிறுவர்க்கு அம்மருந்தைக் கொடுப்பதையே வைத்தியர்கள் தவிர்த்து வந்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் எதிர்ப்பு அங்கே இருந்தது. தாயின் வாயிலிருந்து கரண்டியாலும் முத்தத்தாலும் பிள்ளையின் வாய்க்குப் பற்றீரியாக்கள் செல்வது இயல்பு. அவற்றோடு அவற்றின் சொத்தும் செல்கிறது.

மருந்து நின்றபின் எதிர்ப்பும் தானாக மறைந்துவிடாதா? 2007இல் பெல்ஜியம் நாட்டின் அன்ற்வேர்ப் நகர ஆய்வாளர்கள் இதற்கு விடை தந்தார்கள். நோயற்ற 224 பேரில் சிலருக்கு அசித்திரோமைசினும், சிலருக்குக் கிளரித்திரோமைசினும், சிலருக்கு மருந்தில்லாப் போலிக் குளிசையும் ஒரேயொரு முறைக்குரிய அளவிற் கொடுக்கப்பட்டன. மருந்து எடுத்தவர்களின் வாயில், அம்மருந்துகளை எதிர்க்கும் ஸ்ரெப்ரோகொக்கசுகள் சில நாட்களுக்குள்ளேயே பெருகின. 180 நாட்கள் கழிந்த பின்னரும் அவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. மூன்று நாளோ ஏழு நாளோ குடித்த மருந்தை நாம் மறந்துவிடுகிறோம். நமது வாய் அரை ஆண்டுக்கு மறப்பதில்லை.

வாயிலுள்ள ஸ்ரெப்ரோகொக்கசுகளிற் பெரும்பாலானவை சாதுக்கள். அவற்றுக்கு எதிர்ப்பு இருந்தால் நமக்கென்ன? இங்கேதான் பிளெமிங்கின் கதைக்குத் திரும்ப வேண்டும். பெனிசிலின், பற்றீரியாவின் சுவரைக் கட்டும் நொதியங்களைப் பிடித்துக்கொள்வதால் சுவர் நொய்ந்து கலம் வெடிக்கிறது. 1967இல் அவுஸ்திரேலியாவில் பெனிசிலினுக்கு ஓரளவு எதிர்ப்புக் காட்டும் நியூமோகொக்கசு ஒரு நோயாளியிற் காணப்பட்டது. 1977இல் தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில், அதனால் வந்த நோய்கள் வைத்தியர்களைத் திகைக்க வைத்தன. அக்கிருமிக்கு எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? 1980களின் இறுதியில் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பிறையன் ஸ்ப்றற் குழுவினர் அதன் அலகுகளை எழுத்தெழுத்தாக வாசித்தார்கள். சுவர் கட்டும் நொதியத்துக்குரிய அலகு, கந்தைத் துணியில் ஒட்டுப்போட்டதுபோல இருந்தது. சில பகுதிகள் நியூமோகொக்கசுக்குரியவை. இடையிடையே வேறு இனத்தின் துண்டுகள். அத்துண்டுகளின் சொந்தக்காரரைத் தேடியபோது, வாயில் சாதுவாக வாழும் ஸ்ரெப்ரோகொக்கசு மைற்றிசு போன்ற உறவினர் அகப்பட்டனர். கிறிபித் கண்ட அதே பழக்கம்தான்: நியூமோகொக்கசு, அயலவனின் டி.என்.ஏ.யைப் பொறுக்கித் தன் சட்டையைத் தைத்துக்கொண்டது. ஆகவே வாயிலுள்ள சாதுக்கள் கொடியவர்களுக்குக் களஞ்சியமாகின்றன. அக்களஞ்சியத்தை நிரப்புவது நாம் காரணமின்றி விழுங்கும் குளிசைகள்.

எதிர்ப்பு அலகுகளை மனிதன் படைத்தான் என்று எண்ணிவிடக் கூடாது. ஜேர்மனியின் டால்ஹைம் என்னும் இடத்தில் மத்திய காலத்துக் கன்னியர் மடமொன்றின் சேமக்காலையிலிருந்து எடுக்கப்பட்ட எலும்புக்கூடுகளின் பற்காரையை ஆராய்ந்த விஞ்ஞானிகள், எதிர்ப்பு அலகுகளை ஒத்த கட்டளைகள் அக்கால வாய்ப் பற்றீரியாக்களிலும் இருந்ததை 2014இல் அறிவித்தார்கள். பெனிசிலினுக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட வாய்கள் அவை. (இதே மடத்துக் கன்னியர் ஒருவரின் பற்காரையில் விலையுயர்ந்த நீலக்கல் தூள் இருந்ததும் 2019இல் தெரியவந்தது. திருநூல்களுக்கு வண்ணம் தீட்டும்போது தூரிகையை நாக்கால் நனைத்திருப்பார் என்று கருதுகிறார்கள். பல் துலக்காமையால் வரலாற்றுக்கு இப்படியும் நன்மை விளைவதுண்டு.) அலகுகள் பழையவை, அவற்றைத் தேடித் தேர்ந்து பெருக்கிய வேலைதான் புதியது, அது நம்முடையது.

இன்னும் நாம் காணாதவை எவ்வளவோ. 2025இல் தோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உமிழ்நீரில் வாழும் ஸ்ரெப்ரோகொக்கசுகளுக்குள் மிகப் பெரிய டி.என்.ஏ. வளையங்களைக் கண்டு அவற்றுக்கு இனோக்கிள் என்று பெயரிட்டார்கள். ரி.என். 916 பதினெண்ணாயிரம் எழுத்து என்றால், இவை சராசரியாக மூன்றரை இலட்சம் எழுத்துக்கள். நான்கில் மூவருடைய வாயில் இவை இருக்கலாம் என்று கணிக்கிறார்கள். கலத்தின் சுவரையும், சேதமுற்ற டி.என்.ஏ.யைத் திருத்துவதையும் பற்றிய கட்டளைகள் பல இவற்றில் உள்ளன. துண்டு துண்டாக வாசித்த பழைய முறைகளில் இவ்வளவு பெரிய வளையம் கண்ணுக்குத் தப்பியிருந்தது.

அப்படியானால் வாயிலுள்ள யாவற்றையும் மருந்து நீரால் கொப்பளித்துக் கொன்றுவிடலாமே என்று சிலர் நினைப்பார்கள். அதுவும் தவறு. கீரை வகைகளிலுள்ள நைத்திரேற்று என்னும் உப்பை, இரத்த அழுத்தம் கட்டுக்குள் நிற்க உதவும் வடிவத்துக்கு மாற்றும் முதற்படியை வாய்ப் பற்றீரியாக்களே செய்கின்றன. தூரிகையும் பற்பசையும் கொண்டு நாளுக்கு இருமுறை துலக்குவது படலத்தின் நெருக்கத்தைக் குறைக்கும். சாதாரண வீட்டுக்கு அது போதும்.

வீட்டில் நாம் மாற்றிக்கொள்ள வேண்டியது பல்வலி வந்தால் நடந்துகொள்ளும் விதம். பல் வலித்தால் மருந்துக் கடைக்கு ஆளனுப்பி நாலு அமொக்சிசிலின் கப்சூல் வாங்கிப் போடும் பழக்கம் நம் வீடுகளில் ஊறிப்போனது. சூத்தைப் பல்லின் உட்சதை அழுகியபின் அங்கே இரத்த ஓட்டமில்லை. இரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. துளைத்துத் துப்புரவாக்கி அடைப்பதோ பிடுங்குவதோதான் பரிகாரம். பெரும்பாலான பல்வலிக்கு அன்ரிபயோட்டிக் வேண்டாம் என்று அமெரிக்கப் பல் வைத்தியச் சங்கமும் 2019இல் அறிவுறுத்தியது. முகம் வீங்கினால், காய்ச்சல் கண்டால், விழுங்கவோ வாய் திறக்கவோ முடியாவிட்டால் நிலைமை வேறு. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், அங்கே அம்மருந்து உயிர் காக்கும். தடிமனும் அதனோடு வரும் இருமலும் வைரசினால் வருபவை. அன்ரிபயோட்டிக்குக்கு அங்கே வேலையில்லை. தொண்டை நோவிலும் பெரும்பகுதி அப்படியே. ஆனால் ஒரு பகுதி ஸ்ரெப்ரோகொக்கசினால் வருவது, அதைக் கவனியாமல் விட்டால் பிள்ளைகளுக்கு மூட்டுவாதக் காய்ச்சல் உண்டாகி இதய வால்வுகள் பழுதடையக்கூடும். இரண்டையும் பிரித்தறிவது வைத்தியரின் வேலை. அவர் எழுதித் தந்தால், சொன்ன அளவில் சொன்ன நாள்வரை எடுக்கவேண்டும். மிஞ்சியதை அலுமாரியில் வைத்து அடுத்த காய்ச்சலுக்குக் கொடுப்பதும், அயல்வீட்டுப் பிள்ளைக்கு இரக்கப்பட்டு நீட்டுவதும் பிளெமிங் சொன்ன கதையை நாமே நடித்துக் காட்டுவதாகும்.

மூட்டுவாதக் காய்ச்சல் வந்து, மூன்று அல்லது நான்கு கிழமைக்கொரு தடவை பெனிசிலின் ஊசி போடும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த ஊசியை ஒருபோதும் தவறவிடக் கூடாது. அது காரணத்தோடு கொடுக்கப்படுவது. ஆனால் இப்பிள்ளைகளின் வாயிலுள்ள ஸ்ரெப்ரோகொக்கசுகள் பெனிசிலினுக்குப் பழகியிருக்கக்கூடும். பல் பிடுங்கும்போது அவை இரத்தத்திற் புகுந்து பழுதுபட்ட வால்வில் ஒட்டிக்கொண்டால் உயிராபத்து. அதைத் தடுக்க முன்கூட்டியே கொடுக்கும் மருந்தை, பெனிசிலின் இனத்தைச் சேராத வேறொன்றாக வைத்தியர் தெரிவு செய்யக்கூடும். ஊசி போடுவது அவருக்குத் தெரிந்தால்தானே அதைச் செய்யலாம். ஆகையால் அப்படிப்பட்ட பிள்ளையைப் பல் வைத்தியரிடம் கூட்டிப் போகும் பெற்றோர், பிள்ளையைக் கதிரையில் இருத்துவதற்கு முன்பே அதன் கிளினிக் கொப்பியை அவர் மேசையில் விரித்து வைக்கவேண்டும்.